கேமரா நின்ற பக்கம்

ஓடுகிறவரின் வீடியோவைக் கொடுத்தால் போதும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது, பாதம் தரையில் எவ்வளவு நேரம் இருந்தது, இடது காலுக்கும் வலது காலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும் செயலிகள் இப்போது பயிற்சியாளர்கள் கையில் சகஜமாகிவிட்டன. எனக்கு இவற்றின்மீது பிரியம் உண்டு. தடகள வீரர்களை வீடியோ எடுத்து, கணினியில் ஓட்டிப் பார்த்து, கோச்சோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. ஆனாலும் ஒரு விஷயம் கொஞ்ச காலமாக மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஒருவருடைய உடம்பைப் பற்றி ஓர் எண்ணைச் சொன்னால், அதை எடுத்த கேமரா எங்கே நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்ல வழியில்லை என்றால் அந்த எண்ணை அவரிடம் சொல்லவே கூடாது. துல்லியத்தைப் பற்றிய நுணுக்க விவாதம்போல இது படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அதற்குக் காரணம் ஒரு பெண்.

போன சீசன் தொடக்கத்தில் அவள் என்னிடம் வந்தாள். 400 மீட்டர் ஓடுகிறவள், பள்ளி முடித்த வயது. போனை நீட்டி, "அக்கா, என் வலது கால் வீக்காம், பாருங்க" என்றாள். திரையில் அவள் ஓடும் படம், அதன்மேல் வண்ணக் கோடுகளால் வரைந்த எலும்புக்கூடு, பக்கத்தில் ஓர் அட்டவணை. இடது முழங்கால் மடிப்பு பச்சை, வலது முழங்கால் மடிப்பு சிவப்பு. கீழே 'சமச்சீரின்மை' என்று ஒரு சதவீதம். தரையை உதைத்துவிட்டுப் பின்னால் போகும் கால் மடங்கி, குதிகால் பிட்டத்தை நெருங்கி, பிறகு முன்னால் வருகிறது அல்லவா, அந்த மடிப்பு வலது காலில் போதவில்லை என்பது செயலியின் முடிவு. அவளுக்கு அந்தக் காலில் வலி கிடையாது, பழைய காயம் கிடையாது. பிசியோ தொட்டுப் பார்த்தபோதும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டை நம்பி வலது காலுக்கென்று தனிப் பயிற்சிகள் தொடங்கியாகிவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. ஓடும்போதே அவள் வலது காலைக் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். வேகமாக ஓடுகிறவர் தன் கால் எப்படி மடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடுவதில்லை. நினைத்தால் தோள் இறுகும், கை இறுகும், கடைசி நூறு மீட்டரில் அது வெளியே வந்துவிடும். அவள் ஓட்டத்தில் அது வந்துவிட்டிருந்தது.

புள்ளி வைத்தது யார்?

செயலிக்கு எலும்பும் தெரியாது, மூட்டும் தெரியாது. படத்தில் இருக்கும் நிறங்களையும் விளிம்புகளையும் வைத்து 'இடுப்பு இந்த இடத்தில் இருக்கும்' என்று ஊகிக்கிறது. 2014-ல் கூகுள் ஆய்வாளர்களின் டீப்போஸ், 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓப்பன்போஸ் என்ற கணினி முறைகள் வழியாக இந்த ஊகம் வருஷத்துக்கு வருஷம் அபாரமாகத் தேறியிருக்கிறது. ஆனால் ஊகிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்கள்தான். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் கோகோ என்ற படத்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த சாதாரணப் புகைப்படங்கள் அவை: சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள், பட்டம் விடுகிறவர்கள், தெருவில் நடக்கிறவர்கள். அவற்றில் இரண்டரை லட்சம் பேருக்கு, ஆளுக்கு 17 புள்ளிகள் வரை, மூக்கு இங்கே, தோள் இங்கே, முழங்கால் இங்கே என்று மனிதர்கள் கிளிக் செய்து வைத்தார்கள். அந்தக் கிளிக்குகளிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கணினி இன்று ஓட்டக்காரரின் உடம்பில் வைத்துப் பார்க்கிறது.

அதே தொகுப்பில் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் ஒரு விவரம் இருக்கிறது. ஒரே படத்தை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்துக் குறிக்கச் சொன்னால் புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆளின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்த எண்கள் இவை: கண்ணுக்கு 0.025, மணிக்கட்டுக்கு 0.062, முழங்காலுக்கு 0.087, இடுப்புக்கு 0.107. பதினேழிலும் அதிகமாகச் சிதறுவது இடுப்புதான், கண்ணைவிட நாலு மடங்குக்கு மேல். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண் வெளியே தெரிகிறது. இடுப்பு மூட்டோ சதைக்குள், துணிக்குள், ஆளுக்கு ஆள் வெவ்வேறு ஆழத்தில் கிடக்கிறது. மனிதர்களாலேயே ஒத்துப்போக முடியாத இடத்தைக் கணினி எங்கிருந்து சரியாகக் கற்றுக்கொள்ளும்? ஓட்டப் பகுப்பாய்வில் எல்லாமே இந்த இடுப்பில்தான் தொடங்குகிறது. இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இழுக்கும் கோடுதான் தொடை. அந்தக் கோட்டின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இடுப்புப் புள்ளி 3 செ.மீ. முன்னே பின்னே நகர்ந்தாலே தொடையின் சாய்வு 4 டிகிரிக்கு மேல் மாறிவிடும். முழங்கால் கோணமும் அதோடு சேர்ந்து மாறும். செயலியோ கோணத்தைத் தசமப் புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம் போட்டுக் காட்டுகிறது.

இதனால் இந்தத் தொழில்நுட்பமே பொய் என்று சொல்ல வரவில்லை. பளபளக்கும் மார்க்கர் உருண்டைகளை உடம்பெங்கும் ஒட்டி அகச்சிவப்புக் கேமராக்கள் நடுவே ஓடவிடும் ஆய்வுக்கூட முறையிலும் பிழை உண்டு. மார்க்கர் ஒட்டியிருப்பது தோலில், தோல் எலும்பின்மேல் வழுக்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவின் ஓப்பன்கேப் என்ற மென்பொருள், இரண்டு ஐபோன்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூட முறையோடு ஒப்பிட்டால் மூட்டுக் கோணங்களில் சராசரியாக 4.5 டிகிரி பிழைக்குள் நிற்பதாக 2023-ல் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையில் காட்டினார்கள். அந்த வேலையைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அங்கே கவனிக்க வேண்டியது, கேமரா குறைந்தது இரண்டு, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பது கணினிக்குத் தெரியும், பிழை எவ்வளவு என்று அவர்களே சொல்லியும் விட்டார்கள். நம் கைக்கு வரும் பல செயலிகளில் இந்த மூன்றில் ஒன்றும் இருப்பதில்லை.

வளைந்த கை, ஒற்றைக் கண்

ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. 1995-ல் மெல்போர்ன் டெஸ்டில், முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிகிறார் என்று நோ-பால் கொடுக்கப்பட்டதிலிருந்து நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் இங்கே சொல்ல வருவது அதிலுள்ள வடிவியலை. அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. இப்போது நீங்களே ஒரு கண்ணாடி முன் நின்று பாருங்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, அந்த மடிப்பை மாற்றாமல் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, தோளிலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிலையில் கை நன்றாக வளைந்து தெரியும். கால்வாசித் திருப்பம் திருப்பினால் அதே கை நேர்கோடாகத் தெரியும். முழங்கை ஒரு டிகிரிகூட அசையவில்லை, ஆனால் கண்ணாடியில் வளைந்த கை நிமிர்ந்துவிட்டது. தோளைச் சுழற்றி வேகமாகப் பந்து வீசுகிறவரை ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் கேமராவுக்கும் இதுதான் நடக்கிறது. 2004-ல் கையை மடக்கவோ நீட்டவோ முடியாதபடி கவசம் மாட்டிக்கொண்டு அவர் பந்து வீசிக் காட்டினார். அப்போதும் பார்க்கிறவர் கண்ணுக்குக் கை நிமிர்வதுபோலவே தெரிந்தது.

பந்து வீசும்போது முழங்கை எவ்வளவு நிமிரலாம் என்பதற்கு அதுவரை சுழற்பந்துக்கு 5 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 என்று இருந்த வரம்பு, எல்லோருக்கும் 15 டிகிரி என்று 2005-ல் மாறியது. அந்த 15 டிகிரியையும் டிவி ரீப்ளேயை நிறுத்தி அளப்பதில்லை. பல கேமராக்கள் வைத்த கூடத்தில் முப்பரிமாணத்தில் அளக்கிறார்கள். கிரிக்கெட் உலகம் இவ்வளவு சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட இந்தப் பாடம், ஓடுபாதைப் பக்கம் ஒற்றைப் போனை நீட்டிக்கொண்டு நிற்கும் நம்மிடம் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். எளிய கணக்கு ஒன்று: ஒருவர் உடம்பை முன்பக்கம் 45 டிகிரி சாய்த்து ஸ்டார்ட் எடுக்கிறார். கேமரா அவருக்கு நேர் பக்கவாட்டில் இல்லாமல் 30 டிகிரி விலகி நின்றால், படத்தில் அந்தச் சாய்வு 41 டிகிரியாகத் தெரியும். அடுத்த வாரம் கேமராவைச் சரியான இடத்தில் வைத்து எடுத்தால் 45 வரும். 'நாலு டிகிரி முன்னேற்றம்' என்று ரிப்போர்ட் சொல்லும்.

உள்பக்கமும் வெளிப்பக்கமும்

அந்தப் பெண்ணின் கோச்சிடம் இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை. வீடியோவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "எப்பவும் எடுக்கிற இடம்தாங்க. கிரவுண்டுக்குள்ள நின்னுதான்" என்றார். எனக்கு உடனே பொறி தட்டியது. ஓடுபாதையில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் ஓடுகிறார்கள். மைதானத்தின் உள்பக்கம் நிற்கும் கேமராவுக்கு அருகில் வருவது எப்போதும் இடது கால். வலது கால் எப்போதும் தூரக் கால். அவருடைய மற்ற ஓட்டக்காரர்களின் ரிப்போர்ட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக, பெரும்பாலோருக்கு வலது முழங்கால் சிவப்பில் இருந்தது. உயரமானவர், குட்டையானவர், 100 மீட்டர் ஓடுகிறவர், 800 ஓடுகிறவர் என்று எந்த வித்தியாசமும் இல்லாமல் ஒரு குழுவே வலது காலில் பலவீனமாக இருந்தது.

மறுநாள் இரண்டு போன்களை எடுத்துப்போனோம். ஒன்று உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம், இரண்டும் ஒரே தூரத்தில், இடுப்பு உயரத்தில். அவளை நடுவில் ஓடவிட்டு ஒரே ஓட்டத்தை இரண்டிலும் எடுத்து, அதே செயலியில் போட்டோம். உள்பக்கத்துப் போன் வலது கால் மடிப்பு குறைவு என்றது. வெளிப்பக்கத்துப் போன் இடது கால் மடிப்பு குறைவு என்றது. அதே ஓட்டம், அதே அடிகள். கோச் இரண்டு போனையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பார்த்தேன். தூரக் கால் பின்னாலிருந்து முன்னால் வரும்போது, சரியாக அது மிக அதிகமாக மடங்கும் தருணத்தில்தான், தரையில் ஊன்றியிருக்கும் பக்கத்துக் காலுக்குப் பின்னால் மறைகிறது. எந்த நொடியை அளக்க வேண்டுமோ அந்த நொடியில் அளக்க வேண்டிய முழங்கால் கேமராவுக்குத் தெரிவதே இல்லை. செயலி என்ன செய்கிறது? தூரக் காலின் நீலப் புள்ளி அடுத்த ஃபிரேமில் பக்கத்துக் காலின் முழங்கால்மேல் தாவி உட்காருகிறது, இன்னொரு ஃபிரேமும் அங்கேயே இருக்கிறது, பிறகு தன் காலுக்குத் திரும்பக் குதிக்கிறது. இடையில் ஒருமுறை இடதும் வலதும் நிறம் மாறிக்கொண்டன. இந்தக் குதிப்புகள் ரிப்போர்ட்டில் தெரிவதில்லை, ஏனென்றால் கோணத்தை வரைவதற்கு முன் செயலி மேடு பள்ளங்களைத் தேய்த்துச் சமன் செய்துவிடுகிறது. தேய்த்தபின் கிடைப்பது உச்சி தட்டையான, பார்க்க அழகான ஒரு வளைகோடு. உச்சி தட்டையானால் மடிப்பு குறைவு. மடிப்பு குறைவு என்றால் சிவப்பு. வலது கால் பலவீனம் என்பது இப்படித்தான் பிறந்தது.

அவளை அழைத்து இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புள்ளி தாவும் இடத்தில் நிறுத்தினேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ என் கால் நல்லாத்தானே இருக்கு, அக்கா?" என்றாள். இந்த வீடியோவுக்கு அது தெரியாது என்று சொன்னேன். பிசியோ சொன்னதையும் உன் உடம்பு சொல்வதையும் நம்பு என்றும் சொன்னேன். தெளிவான 'ஆமாம்' ஒன்றைத்தான் அவள் எதிர்பார்த்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒரு தவறான உறுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். வித்தியாசம் நிஜமாகவே இருந்தாலும் அது குறையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உசைன் போல்ட்டுக்கு முதுகெலும்பு வளைவு உண்டு, அவரே பேசியிருக்கும் விஷயம் அது. அவர் ஓடிய ஒரு பந்தயத்தின் வீடியோவை ஆராய்ந்து, அவருடைய வலது கால் இடது காலைவிட ஏறக்குறைய 13 சதவீதம் அதிக உச்ச விசையோடு தரையை அடிக்கிறது, இடது கால் 14 சதவீதம் அதிக நேரம் தரையில் இருக்கிறது என்று சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் சொன்னார்கள். 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உடம்பு அது. நம் செயலியில் போட்டால் அவர் பெயருக்கு எதிரேயும் சிவப்பு விழும். அதைத் திருத்தப் போயிருந்தால் அவர் வேகம் கூடியிருக்கும் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. சமச்சீர் என்பது கணினிக்கு அளக்க வசதியானது. அந்த வசதிக்காகவே அது நல்லது என்றாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு போனும் பன்னிரண்டு கேமராவும்

2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க, அரங்கத்தின் கூரைக்கடியில் 12 கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தார்கள். பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. 2019 ஸ்டுட்கார்ட் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் நடுவர்களுக்குத் துணையாக முப்பரிமாண அளவீட்டு முறை வந்தது. அங்கெல்லாம் ஒரு கேமராவுக்கு மறையும் கால் இன்னொரு கேமராவுக்குத் தெரிகிறது. இங்கே மைதானத்து மூலையில் ஒரு போனோடு நிற்கும் கோச்சுக்கும் 'ஏஐ மூவ்மென்ட் அனாலிசிஸ்' என்ற அதே பெயரில்தான் பொருள் விற்கப்படுகிறது. உச்சத்தில் இருக்கும் வீரருக்கு ஒரு முடிவு தவறினால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, பரிசோதிக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எதிரில் இருப்பது ஒரு சிவப்புச் சதவீதம் மட்டும். அதை வைத்து யாராவது அணித் தேர்வு செய்யத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

போனில் எடுப்பதிலும் தரம் உண்டு. வேக ஓட்டத்தில் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.1 நொடி. நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் அது மூன்றே படம், ஒரு படம் தவறினால் மூன்றில் ஒரு பங்கு பிழை. 240 ஃபிரேமில் எடுத்தால் 24 படம் கிடைக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்ற ஷட்டர் அதைவிட முக்கியம், ஆனால் அதை யாரும் கேட்பதே இல்லை. 400 மீட்டரை 50 நொடியில் ஓடுகிறவரின் சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டர். முன்னால் வீசிவரும் பாதத்தின் வேகம் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அந்தப் பாதம் படத்தில் 25 செ.மீ.-க்கு மேல் இழுபட்டு வெறும் மங்கலாகத்தான் பதியும். 1/1000 வைத்தால் இழுபடுவது 2 செ.மீ.-க்குள் அடங்கும். மாலை வெளிச்சம் குறையும்போது போன் தானாகவே ஷட்டரை நீட்டிவிடும், எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பிளேடு பொருத்தி ஓடும் ஒரு பாரா வீரரின் வீடியோவை ஒருமுறை செயலியில் போட்டேன். இல்லாத கணுக்காலுக்கு அது ஒரு புள்ளி வைத்தது. அந்தப் புள்ளி பிளேடின் வளைவில் ஒரு ஃபிரேமில் மேலே, அடுத்ததில் கீழே என்று அலைந்துகொண்டே இருந்தது. கடைசியில் 'கணுக்கால் நிலைத்தன்மை குறைவு' என்று ரிப்போர்ட் வந்தது. அதை அவரிடம் காட்டாமல் அழித்துவிட்டேன். எந்த உடம்புகளைப் பார்த்துக் கற்றதோ, அதற்கு வெளியே இருக்கும் உடம்பைக் கண்டால் 'தெரியவில்லை' என்று சொல்ல அந்தச் செயலிக்கு வழி வைக்கப்படவில்லை. செய்திருக்க வேண்டியவர்கள் செய்யவில்லை. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

செயலி செய்கிறவர்களிடம் என் கேள்வி ஒன்றே ஒன்று. புள்ளி மறைந்த ஃபிரேம் எது, ஊகித்த ஃபிரேம் எது என்பது உங்கள் நிரலுக்குள் இருக்கிறது. பல மாடல்கள் ஒவ்வொரு புள்ளியோடும் அது எவ்வளவு நம்பகமானது என்பதற்கு ஓர் எண்ணையும் தருகின்றன. அதை ஏன் திரையில் காட்டக் கூடாது? ஊகித்த இடத்தில் கோட்டை வெளிறிய நிறத்தில் வரையுங்கள், கேமரா எந்தப் பக்கம் நின்றது என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே போடுங்கள். கேட்டுப் பார்த்த ஒரு நிறுவனத்தில், பயனர்கள் குழம்பிவிடுவார்கள் என்றார்கள்.

அந்தக் கோச் இப்போது ஒரு வாரம் உள்பக்கம், ஒரு வாரம் வெளிப்பக்கம் என்று மாறி நின்று எடுக்கிறார், பக்கத்துக் காலை மட்டும் அந்தக் காலின் பழைய வீடியோவோடு ஒப்பிடுகிறார். இது நன்றாகவே வேலை செய்கிறது. போன மாதம் ஒரு பையனின் இடது காலில் நிஜமான மாற்றம் ஒன்று இப்படித்தான் சீக்கிரமே கண்ணில் பட்டது, தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொள்ளும் முன்பே பிசியோவிடம் அனுப்ப முடிந்தது. நான் தரும் ரிப்போர்ட்டில் தூரக் காலுக்கான கட்டங்களைக் காலியாகவே விடுகிறேன். பாதி அட்டவணை காலியாக இருக்கிறதே, இதற்கா காசு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு வீடியோவைத் திறந்து, அந்த நீலப் புள்ளி தாவும் மூன்று ஃபிரேம்களையும் ஓட்டிக் காட்டுகிறேன்.